நாற்காலியில் உட்காராத மனுதாரர்

மனு எழுதத் தெரியும் என்ற தைரியத்தில்தான் நீங்கள் எல்லோரும் இந்த வேலைக்கு வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். ராணுவத்தில் நான் குமாஸ்தா. எல்லைக்கோட்டை வரைபடத்தில் பார்த்ததுதான் அதிகம். துப்பாக்கியைவிடத் தட்டச்சு இயந்திரத்தைத்தான் அதிகமாகத் துடைத்திருக்கிறேன். ஹவில்தார் என்று தோளில் மூன்று பட்டையோடு ஊருக்குத் திரும்பி, முன்னாள் படைவீரர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் நல அலுவலகத்தில் சேர்ந்தேன். என் இங்கிலீஷைப் படித்தால் டெல்லியில் இருக்கும் அதிகாரி எழுந்து நின்று கையெழுத்துப் போடுவார் என்று நானே நம்பினேன். படப்பையில் என் வீட்டாரையும் நம்ப வைத்திருந்தேன்.

விதிகளைச் சொல்லிக்கொடுக்க உங்களுக்கு ஆள் இருக்கிறது. என் காலத்து விதிகள் எவ்வளவோ மாறியும் விட்டன. ஆகவே நான் சொல்லப்போவது ஒரு மேல்முறையீட்டில் நான் அடித்த கூத்தை. சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள். என் மனைவி இன்றைக்கும் அடக்குவதில்லை.

1991. ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் உலகம் முழுக்கத் தெரிந்துபோன வருஷம்; எந்த ஊர்க்காரனும் அப்படித் தெரியவேண்டும் என்று கேட்டிருக்க மாட்டான். அங்கே வாரத்தில் ஒருநாள் எனக்கு முகாம். ஓர் அரசாங்கக் கட்டடத்தின் பின்னால் ஓர் அறை, ஒரு மேஜை, எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். இப்போது நீங்கள் பார்க்கிற தொழிற்சாலைகளில் முக்கால்வாசி அப்போது கிடையாது. ஒரகடம் பக்கம் வேர்க்கடலை போட்டிருப்பார்கள். சாலையோரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கம்பெனிகள். கம்பெனி என்று ஒன்று வந்தால் அதற்கு ஒரு கேட் உண்டு, கேட்டுக்கு ஒரு வாட்ச்மேன் உண்டு, அந்த வாட்ச்மேன் பெரும்பாலும் எங்கள் ஆளாகத்தான் இருப்பான்.

அப்படி ஒரு கேட்டிலிருந்து வந்தவர்தான், படையில் என்னைவிட ஒரு பட்டை குறைந்த நாயக் ஆரோக்கியசாமி, மண்ணூர்க்காரர். வியாதியைச் சொல்லி மனுப் போடுவதற்கு இதைவிடப் பொருத்தமில்லாத பெயர் கிடைக்காது என்று முதல் நாளே நான் ஜோக் அடித்தேன். அவர் மரியாதைக்காகச் சிரித்தார்.

பனிமலையில் காவல் இருந்தபோது இரண்டு கால்களும் உறைந்திருக்கின்றன. விரல்கள் கறுத்து, போகாமல் தப்பித்துக்கொண்டன. ஆனால் அவற்றில் உணர்ச்சி இல்லை. அதோடு கணுக்காலும் முழங்காலும் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே வந்தன. ஒன்பது வருஷ சர்வீஸிலேயே, உடல்தகுதி இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பதினைந்து வருஷம் முடித்திருந்தால் சாதாரண ஓய்வூதியமாவது வந்திருக்கும். அதுவும் இல்லை. மிச்சமிருந்த ஒரே வழி ஊன ஓய்வூதியம். அதற்கு ஊனம் இருபது சதவீதமாவது இருக்கவேண்டும். வடக்கே அவரைப் பரிசோதித்த மருத்துவக் குழு, “நன்றாக நடக்கிறார்” என்று எழுதி இருபதுக்குக் கீழே போட்டுவிட்டது. இருபதுக்குக் கீழே என்றால் ஒன்றுமே இல்லை என்று அர்த்தம்.

“உட்காருப்பா,” என்றேன்.

“பரவால்ல சார்,” என்று நின்றுகொண்டே இருந்தார்.

அடுத்த வாரமும் அப்படித்தான், அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். எத்தனை தடவை சொன்னாலும் என் எதிரே உட்காரமாட்டார். குதிகால் சேர்த்து, விறைப்பாக, மேஜையிலிருந்து ஓரடி தள்ளி நிற்பார். பதவியை விட்டு வந்த பிறகும் ஒரு ஹவில்தாருக்கு இவ்வளவு மரியாதை தருகிற ஆள் இருக்கிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. வீட்டில் சாப்பிடும்போதுகூட இதைச் சொல்லியிருக்கிறேன்.

சரி, மேல்முறையீட்டுக்கு வருவோம். ஏழு பக்கம் எழுதினேன். இமயமலையை வர்ணிக்கவே ஒன்றரைப் பக்கம் போனது. எல்லாம் முடிந்ததும் ஏதோ குறைவது போல இருந்தது. படையில் இருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. லீவு கேட்டாலும் சரி, கடன் கேட்டாலும் சரி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டாலும் சரி, கூடவே ஒரு நன்னடத்தைச் சான்று வைக்காவிட்டால் தூக்கம் வராது. எனக்கும் வரவில்லை. நேராக அவர் வேலை பார்த்த கம்பெனிக்குப் போய், அங்கே செக்யூரிட்டி ஆபீசராக இருந்த ஓய்வுபெற்ற சுபேதாரிடம் ஒரு சான்று கேட்டேன்.

“ஆரோக்கியத்துக்கா? தாராளமா!” என்றார் சுபேதார். மனுஷன் மனதாரச் சொன்னார்: “பன்னண்டு மணி நேர ஷிப்டுல ஒரு வாட்டிகூட அவன் உக்காந்து நான் பாத்ததில்ல. மத்தவனுங்க ஸ்டூலத் தேடுவானுங்க. இவன் கேட்டண்ட செல மாதிரி நிப்பான்.”

அதை அவர் எளிய இங்கிலீஷில் எழுதினார். எனக்கு மனசு கேட்கவில்லை. சோர்வே அறியாதவர் என்பதற்கு என்னிடம் மூன்று இங்கிலீஷ் சொற்கள் இருந்தன. மூன்றையும் போட்டு நானே புதிதாகத் தட்டச்சு செய்துகொண்டு போய் அவரிடம் கையெழுத்து வாங்கினேன். மனுவுக்கு மேலேயே, முதல் இணைப்பாக வைத்தேன்.

சிரிக்கிறீர்கள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் எனக்குப் புரியவே இல்லை. தள்ளுபடி உத்தரவு வந்தபோதுதான் புரிந்தது. “மனுதாரர் தாமே இணைத்துள்ள சான்றின்படி, அவர் பன்னிரண்டு மணி நேரம் சோர்வின்றி நிற்க வல்லவர்” என்று ஆரம்பித்து, என் மூன்று சொற்களையும் ஒன்றுவிடாமல் மேற்கோள் காட்டியிருந்தார்கள். இமயமலையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

“இன்னா சார் எய்திக்கிறாங்க?” என்றார் ஆரோக்கியம், நின்றபடியே.

தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன்.

“நல்ல சர்ட்டிபிகேட்டாச்சே சார் அது,” என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. குத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மறுபடி முறையிட்டோம். இந்தத் தடவை நான் கேட்டது ஒன்றே ஒன்று: புதிய மருத்துவக் குழு அவரை நேரில் பார்க்கட்டும். அதற்குச் சம்மதித்து, பட்டணத்து ராணுவ மருத்துவமனைக்கு வரச்சொல்லித் தேதி அனுப்பினார்கள். இதுவும் போனால் கதை முடிந்தது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் அவர் முகம் வாடியிருந்தது.

“சார், இந்தக் கால் சமாச்சாரம் கம்பெனிக்குத் தெரிஞ்சிதுன்னா கேட்ல நிக்க வுடமாட்டாங்க. பென்ஷனும் வராம, வேலையும் பூடுச்சின்னா நான் இன்னா பண்றது?”

அவருடைய சங்கடம் முழுசாக அப்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டர்களிடம் கால் கெட்டுவிட்டது என்று காட்டினால்தான் பென்ஷன். கம்பெனியில் கால் நன்றாக இருக்கிறது என்று காட்டினால்தான் சம்பளம். ஒரே கால்களை வைத்துக்கொண்டு இரண்டையும் அவர் காட்டவேண்டும். நான் வேறு நடுவில் புகுந்து, ஓர் இடத்தில் காட்டவேண்டியதை இன்னோர் இடத்துக்குத் தபாலில் அனுப்பியிருந்தேன்.

பரிகாரம் செய்யவேண்டும் என்று ஆவேசம் வந்துவிட்டது. ஆவேசம் வரும்போது பேனாவை மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளவேண்டும் என்று இப்போது தெரிகிறது. அன்று நான் ஒத்திகை நடத்தினேன். ஆபீசர் எதிரே வந்தாலே எங்கள் ஆட்களுக்கு வாய் தானாக “டீக் ஹை சாப்” என்று சொல்லிவிடும். குண்டு பட்டுக் கிடந்தாலும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அதைச் சொல்லவே கூடாது என்றேன். பூட்ஸ் வேண்டாம், ரப்பர் செருப்பு போதும் என்றேன். ஷேவ் செய்யாதே, மெடல் குத்தாதே என்றேன். பிறகு, எப்படி நொண்டி நடக்கவேண்டும் என்று வராந்தாவில் நானே நடந்து காட்டினேன்.

நான் நன்றாகவே நொண்டினேன் போலிருக்கிறது. பக்கத்து ஆபீஸ் பியூன் ஓடிவந்து என் கையைத் தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, “இன்னா சார் ஆச்சி, வாதமா?” என்றான்.

ஆரோக்கியம் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், நீங்க போனீங்கன்னா ஒங்களுக்கே பென்ஷன் குடுத்துடுவாங்க. எனக்கு இதெல்லாம் வராது சார்.”

குழு கூடும் நாள் வந்தது. மருத்துவமனை வாசலில் அவரைப் பார்த்ததும் எனக்கு மயக்கமே வந்தது. பளபளவென்று பூட்ஸ், ரெஜிமென்ட் கோட்டு, மெடல், முகத்தில் ஒரு முடி இல்லை. பக்கத்தில் அவர் மனைவி லூர்து, கையில் ஒரு துணிப்பையோடு நின்றிருந்தார்.

“ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வா என்று சொன்னேனே ஆரோக்கியம்?”

“ஆபீசர் முன்னாடி ரப்பர் செருப்போட எப்டி சார் போய் நிக்கறது?”

“நீயாவது சொல்லக்கூடாதாம்மா?” என்று லூர்துவிடம் பாய்ந்தேன்.

“நான் இன்னாத்தச் சொல்றது சார்? பூட்ஸ் மாட்டணும்னு விடியறதுக்கு முன்னாடியே என்ன எழுப்பி வுட்டுட்டாரு,” என்றார்.

இந்தப் பதிலில் எல்லாமே இருந்தது. பூட்ஸ் மாட்ட இவர் எதற்கு மனைவியை எழுப்பவேண்டும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. புருஷனுக்கு எவ்வளவு உற்சாகம் பார் என்று சொல்கிறார் போல, என்றுதான் நினைத்தேன்.

பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனார். நானும் லூர்துவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அறைக்குப் பாதிக் கதவுதான், சத்தம் எல்லாம் கேட்டது. யாரோ ஆபீசர் ஏதோ கேட்டார். உடனே கணீரென்று பதில் வந்தது: “டீக் ஹை சாப்!” நான் பின்னந்தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். இன்னொரு கேள்வி. “டீக் ஹை சாப்!” ஆர்டர்லி பூட்ஸைக் கழற்றும் சத்தம், டாக்டர் இப்படித் திரும்பு அப்படித் திரும்பு என்று சொல்லும் சத்தம். கடைசியில், போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், போயிற்று என்று எழுந்தேன்.

ஆனால் அவர் வெளியே வரவில்லை. பிறகு ஆர்டர்லி, “ஜல்தி கரோ, ஜல்தி கரோ,” என்று அவசரப்படுத்துவது கேட்டது.

லூர்து எழுந்து புடவையைச் சொருகிக்கொண்டார்.

“உள்ளே போகக்கூடாதும்மா!” என்றேன்.

“அவரால மாட்டிக்க முடியாது சார். நான் போனாத்தான் ஆவும்,” என்று சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அவரைத் தடுக்கப் பின்னாலேயே ஓடிய நானும் உள்ளே போய் விழுந்தேன். மூன்று ஆபீசர்களைப் பார்த்ததும் கை தானாக சல்யூட் அடித்தது.

ஆரோக்கியம் உயரமான பரிசோதனைக் கட்டிலின் விளிம்பில் ஒரு பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தபடி இருந்தார். லூர்து யாரையும் பார்க்கவில்லை. கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, “காலக் குடுய்யா,” என்று அவர் குதிகாலைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். சாக்ஸை விரல் விரலாக இழுத்துவிட்டு, எங்கேயாவது மடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். மடிப்பு இருந்தால் புண்ணாகிவிடும், விரல்களில் உணர்ச்சி இல்லாததால் ஆரோக்கியத்துக்குத் தெரியாது. பிறகு ஒரு கையால் முழங்காலை மெதுவாக அழுத்தி அழுத்தி, அது கொஞ்சம் இறங்கிக் கொடுத்ததும் காலை பூட்ஸுக்குள் விட்டார். ஆரோக்கியம் கட்டில் விளிம்பை இறுகப் பிடித்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

குழுவுக்குத் தலைவர் ஒரு கர்னல், வடநாட்டுக்காரர். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இது தினமும் நடக்கிறதா என்று கேட்டார். மொழிபெயர்க்க அங்கே நான்தான் இருந்தேன்.

“தெனமும்தான் சார். போறப்ப மாட்டணும், வந்தா அவுக்கணும்,” என்றார் லூர்து.

எனக்கு என் வாழ்க்கையின் மேடை கிடைத்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, பதிபக்தி மிகுந்த இந்தத் தமிழ்ப் பெண்மணி, அதிகாலைப் பொழுதில், என்று இங்கிலீஷில் ஆரம்பித்தேன். கர்னல் கையைக் காட்டி நிறுத்தினார். அந்த அம்மா இவ்வளவு நீளமாகப் பேசவில்லையே, அவர் சொன்னதை மட்டும் சொல்லு என்றார். சொன்னேன். ஒரு வரிதான் வந்தது.

பக்கத்திலிருந்த மேஜர் கோப்பைப் புரட்டினார். அதில் என்ன வரப்போகிறது என்று எனக்கு முன்பே தெரிந்துவிட்டது. பன்னிரண்டு மணி நேரம் உட்காராமல் நிற்கிறார் என்று இங்கே இருக்கிறதே, என்று கேட்டு, என் மூன்று சொற்களையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். என் காது சுட்டது. லூர்துவிடம் தமிழில் கேட்டேன்.

“உக்காந்தா எழுந்திரிக்க முடியாதே சார்,” என்றார் லூர்து, பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே. “கட்டிலு மாதிரி ஒசரமா இருந்தா சறுக்கி எறங்கிடுவாரு. நாற்காலி, ஸ்டூலுன்னா முட்டி மடங்கினது மடங்கினதுதான், ஆளு வந்து தூக்கி வுடணும். கேட்ல யாரு தூக்குவா? தெரிஞ்சா வேலைய வுட்டு நிறுத்திடுவாங்கன்னு பெல்ட்ட கேட்டுக் கம்பில மாட்டி சாஞ்சிகினே நிக்கறாரு. வூட்டுக்கு வந்தா வாசல்லேந்து நான்தான் தாங்கினு போவணும்.”

“லூர்து, போதும் வுடு,” என்றார் ஆரோக்கியம்.

“இன்னாத்துக்கு வுடணும்? நீதான் சொல்ல மாட்டேன்ற,” என்றார் லூர்து. அப்புறம் கர்னலை நிமிர்ந்து பார்த்து, “இத மட்டும் கம்பெனிக்கு எய்திப் போட்றாதீங்க சார்,” என்றார்.

நான் மொழிபெயர்க்கவேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் அறையில் மேஜைக்கு எதிரே கிடந்த அந்த நாற்காலிதான் கண்முன் நின்றது. எத்தனை வாரம்! உட்காருப்பா, பரவால்ல சார். நான் அதை மரியாதை என்று நினைத்து, வீட்டில் சோற்றுக்கு முன்னால் பெருமை அடித்திருக்கிறேன். தம்பிகளே, அந்த நிமிஷம் எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னால் நான் பட்டதில்லை.

பிறகு, என் ஓட்டை இந்தியில், அலங்காரம் இல்லாமல், அவர் சொன்னதை மட்டும் சொன்னேன். நான் செய்ததிலேயே நல்ல மொழிபெயர்ப்பு அதுதான்.

ஆரோக்கியம் கட்டிலிலிருந்து இறங்கிக் குதிகாலைச் சேர்த்து நின்று, “டீக் ஹை சாப்,” என்று மறுபடி ஆரம்பித்தார். கர்னல், “பைட்டோ, நாயக்,” என்றார். உட்கார் என்று அவர் உத்தரவு போட்டதும் ஆரோக்கியம் மறுபடி அந்த உயரக் கட்டிலிலேயே சாய்ந்துகொண்டார். எங்கள் வேலை பென்ஷன் ஆபீசுக்கு எழுதுவது, கம்பெனி எங்களை எதுவும் கேட்கவில்லை, அந்த அம்மாவிடம் சொல் என்றார் கர்னல். இதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

உத்தரவு சாதகமாக வந்தது. இருபதுக்கு மேலேயே போட்டிருந்தார்கள். என் ஏழு பக்கத்திலிருந்து அந்த உத்தரவில் ஒரு சொல்கூட இல்லை. பூட்ஸைத் தானாக அணிய இயலாது, உட்கார்ந்தால் உதவியின்றி எழ இயலாது என்ற இரண்டு விஷயங்கள்தான் இருந்தன. இரண்டும் லூர்து சொன்னவை.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். மனுதாரரிடம் வலிக்கிறதா, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். எங்கள் ஆட்கள் அதற்கு ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்கள். காலையில் சாக்ஸ் யார் மாட்டிவிடுகிறார்கள் என்று கேளுங்கள். கக்கூஸுக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கேளுங்கள். கூச்சமாக இருந்தால் வீட்டில் இருப்பவரைக் கூட்டிவரச் சொல்லி அவரிடம் கேளுங்கள். அதற்கப்புறம் பேனாவைத் திறக்கலாம். முக்கியமாக, ஒருவர் உங்கள் முன்னால் நின்றுகொண்டே இருந்தால், உங்கள் பதவியைப் பார்த்து நிற்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

கம்பெனி விஷயத்தை முடித்துவிடுகிறேன். பென்ஷன் கைக்கு வர ஆரம்பித்ததும் ஆரோக்கியமே சுபேதாரிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கிறார். இனி வேலை போனாலும் அடுப்பு எரியும் என்ற தெம்பு. சுபேதார், “அந்தச் சர்ட்டிபிகேட் குடுத்தவன் நான்தானடா,” என்று தலையில் கை வைத்துக்கொண்டாராம். அதற்கு நானும் ஒரு கூட்டாளி என்பதை அவர் சொல்லாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை. மேனேஜ்மென்டில் ஓரிருவர் முணுமுணுத்ததையும் மீறி, லாரி எடை போடும் அறைக்கு ஆரோக்கியத்தை மாற்றினார். வெல்டிங் ஆட்களிடம் சொல்லி, முட்டியை மடக்காமல் ஏறி இறங்க இடுப்பு உயரத்துக்கு ஒரு ஸ்டூல் செய்துகொடுத்தார்.

அதைச் சொல்வதற்காக ஆரோக்கியம் ஒருநாள் முகாமுக்கு வந்தார். பழக்கதோஷத்தில், “உட்காருப்பா,” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் அந்த நாற்காலியைக் கொஞ்சநேரம் பார்த்தார். மேஜையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, காலை நீட்டி, தொப்பென்று உட்கார்ந்தார். அத்தனை மாதத்தில் முதல் தடவை. டீ வரவழைத்தேன். லாரிகளைப் பற்றி, லூர்துவைப் பற்றி, மண்ணூரில் மழை தட்டிப்போனதைப் பற்றி ரொம்ப நேரம் பேசினோம்.

“சரி சார், கெளம்பறேன். எழுப்பி வுடுங்க,” என்றார்.

பின்னால் போய் அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். தட்டச்சு இயந்திரத்தைத் தவிர வேறு எதையும் தூக்கிப் பழக்கமில்லாத உடம்பு. முதல் தடவை இருவரும் சேர்ந்து நாற்காலியிலேயே சாய்ந்தோம். இரண்டாம் தடவை என் இடுப்பு ஒரு சத்தம் போட்டது, ஆனால் அவர் எழுந்துவிட்டார். வழக்கம்போலக் குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்றார். முகத்தில் வியர்வை அரும்பியிருந்தது.

“வலிக்குதா ஆரோக்கியம்?” என்றேன்.

“டீக்...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மேஜையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார்.

“வலிக்குது சார்,” என்றார்.